மூங்கில் கூடைத் தொழிலுக்கு 10 லட்சம் லோன், 35 சதவீதம் மானியம்: நம்பி இறங்கலாமா?

நீங்க கேட்டதை நான் புரிஞ்சுகிட்ட மாதிரி முதல்ல சொல்லிடறேன். கிருஷ்ணகிரி பக்கம் கிராமம், அம்மா இருபது வருஷத்துக்கு மேல கூடை, முறம் முடையறாங்க, வயசு 47. உங்களுக்கு 26, டிப்ளமா முடிச்சிருக்கீங்க, அம்மா கைத்தொழிலை வச்சு லேம்ப் ஷேடு, சீர்வரிசைத் தட்டு, ஸ்டூல்னு பெருசா பண்ணலாம்னு ஆசை. ஒரு கன்சல்டன்ட் வந்து "10 லட்சம் லோன் எடுத்துத் தர்றேன், 35 சதவீதம் கவர்மென்ட் தள்ளுபடி, எனக்கு ஃபீஸ் 25 ஆயிரம்"னு சொல்லியிருக்கார். என்னென்ன ஸ்கீம் இருக்குன்னு லிஸ்ட் கேட்டிருக்கீங்க, ஆனா கேள்வியைத் திரும்பப் படிச்சா எனக்குத் தெரியறது வேற: அந்த மூணரை லட்சம் நிஜமாவே கைக்கு வருமா, லோனை யார் பேர்ல எடுக்கறது, இவ்ளோ பெரிய தொகை நமக்குத் தேவையா. அதுக்குத்தான் பதில் சொல்றேன், ஸ்கீம் பேரெல்லாம் போற வழியில தானா வந்துடும்.

நான் சேலம் பக்கம் பன்னிரண்டு வருஷமா சின்னதா ஒரு மூங்கில் யூனிட் நடத்தறேன், ரெண்டு தடவை லோன் வாங்கியிருக்கேன், ஒண்ணுல நல்லா அடி வாங்கினேன், அதையும் கீழ சொல்றேன். புதுசா தொழில் தொடங்கறவங்களுக்கு நடக்கற பயிற்சி வகுப்புல அப்பப்போ பேசக் கூப்பிடுவாங்க. பாங்க் ஆள் இல்ல, ஆடிட்டரும் இல்ல, அதனால உங்க பாங்க் மேனேஜர் என்ன முடிவு எடுப்பார்னு என்னால சொல்ல முடியாது.

அவர் சொல்ற 35 சதவீதம் பிஎம்இஜிபி, அதாவது பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம். 2008ல வந்தது, காதி கமிஷன், காதி போர்டு, மாவட்டத் தொழில் மையம் மூணு வழியாவும் போகலாம். சதவீதம் பொய் இல்ல. ஊராட்சிப் பகுதியில யூனிட் போட்டா பொதுப்பிரிவுக்கு 25, பெண்கள், பிசி, எஸ்சி, எஸ்டி, சிறுபான்மையினர், மாற்றுத்திறனாளிகள் மாதிரி சிறப்புப் பிரிவுக்கு 35. டவுன்ல போட்டா இதுவே 15, 25ஆ குறையும். கைக்காசு பொதுப்பிரிவுக்கு 10 சதவீதம், சிறப்புப் பிரிவுக்கு 5. உற்பத்தித் தொழிலுக்குத் திட்ட மதிப்பு 50 லட்சம் வரை போகலாம், 10 லட்சத்துக்கு மேலன்னா எட்டாவது பாஸ் பண்ணியிருக்கணும். இந்த அளவுகளை 2022ல, 2025-26 முடிய உள்ள காலத்துக்குன்னு அறிவிச்சாங்க, அதனால நீங்க அப்ளை பண்ற அன்னிக்கு அதே சதவீதம்தானான்னு தொழில் மையத்துல ஒரு வார்த்தை கேட்டுட்டு ஆரம்பிங்க.

இப்போ அவர் சொல்லாம விட்ட பாதி. அந்த மானியம் உங்க கைக்கு வராது, உங்க சேவிங்ஸ் அக்கவுண்டுக்கும் வராது. உதாரணத்துக்கு ஊராட்சிப் பகுதியில, சிறப்புப் பிரிவுல 6 லட்சம் புராஜெக்ட்னு வச்சுக்கோங்க, நீங்க 30 ஆயிரம் போடணும், பாங்க் 5 லட்சத்து 70 ஆயிரம் லோனா தரும். அதுக்கப்புறம் பாங்க் மானியத்தை க்ளெய்ம் பண்ணும், 2 லட்சத்து 10 ஆயிரம் வரும், வந்து உங்க பேர்ல ஒரு டெபாசிட்டா மூணு வருஷம் பூட்டிக் கிடக்கும். அந்த டெபாசிட்டுக்கு உங்களுக்கு வட்டி கிடையாது, பதிலுக்கு லோன்ல அந்த அளவு தொகைக்கு பாங்க்கும் வட்டி போடாது. ஆக மொத்தம் நீங்க வட்டி கட்டறது 3 லட்சத்து 60 ஆயிரத்துக்கு. 11 சதவீத வட்டி, அஞ்சு வருஷம்னா மாசம் சுமார் 7,800 ரூபாய். மூணு வருஷம் கழிச்சு ஆள் வந்து யூனிட் நிஜமாவே ஓடுதான்னு பாப்பாங்க, ஓடினா அந்த டெபாசிட் லோன்ல கழியும். நடுவுல மூடிட்டீங்க, இல்ல கட்டாம விட்டீங்கன்னா மானியம் திரும்பிப் போயிடும், முழுக் கடனும் உங்க தலையில. "மீதி அப்புறம் பாத்துக்கலாம்"னு யாராச்சும் சொன்னா அந்த மீதிதான் முக்கால்வாசி விஷயம்.

இது எல்லாத் தொழிலுக்கும் பொது. மூங்கிலுக்குன்னு தனியா ஒரு சிக்கல் இருக்கு, அதை எந்த கன்சல்டன்டும் சொல்ல மாட்டார், ஏன்னா அவர் கோழிப்பண்ணைக்கும் பேப்பர் கப்புக்கும் போட்ட அதே ரிப்போர்ட்ல பேரை மட்டும் மாத்திக் குடுப்பார். மூங்கில் வேலையில காசு மெஷின்ல முடங்காது, சரக்குல முடங்கும். உங்க அம்மாகிட்ட கேளுங்க, அவங்களுக்கே தெரியும். மூங்கில் வெட்ட நல்ல காலம் மழை ஓஞ்சு கார்த்திகையில இருந்து மாசி வரைக்கும், மூணு நாலு வருஷம் முத்தின கழியா பாத்து எடுக்கணும், அதை நிழல்ல நிக்க வச்சுக் காய விடணும். ஆனா சீர்வரிசைத் தட்டு கேட்டு வர்றவங்க தையில, வைகாசியில, ஆவணியில வருவாங்க. அதுலயும் டெக்கரேஷன் கான்ட்ராக்டருங்க சரக்கை எடுத்துட்டுப் போய் ரெண்டு மாசம் கழிச்சுதான் பணம் குடுப்பாங்க, கேட்டா "பொண்ணு வீட்ல இன்னும் செட்டில் பண்ணலை"ம்பாங்க. ஆக, ஒரு லோடு மூங்கிலுக்குக் குடுத்த காசு திரும்ப உங்க கைக்கு வர ஆறேழு மாசம் கூட ஆகும். அந்த ஆறு மாசமும் மாசத் தவணை மட்டும் நிக்காது.

அதனால புராஜெக்ட் ரிப்போர்ட்ல நடைமுறை மூலதனத்துக்கு, அதாவது சரக்கு, கூலின்னு சுத்தி வர்ற பணத்துக்கு, எவ்ளோ போட்டிருக்காங்கன்னு முதல்ல பாருங்க. பிஎம்இஜிபில வெறும் சரக்கு வாங்கன்னு மட்டும் கேட்டா தர மாட்டாங்க, மெஷின், தளவாடம்னு முதலீட்டுச் செலவு கண்டிப்பா இருக்கணும், கூட ஒரு சுற்று நடைமுறை மூலதனம் சேத்துக்கலாம். இதுலயும் ஒரு கண்டிஷன் உண்டு: அந்த மூணு வருஷத்துக்குள்ள சிசி லிமிட்டை, அதாவது தேவைப்படறப்போ எடுத்துக் கட்டிக்கற கடன் வரம்பை, ஒரு தடவையாவது முழுசா எடுத்திருக்கணும், சராசரியா 75 சதவீதத்துக்குக் குறையாம பயன்படுத்தியிருக்கணும், இல்லன்னா அந்த விகிதத்துக்கு மானியத்தைத் திருப்பி எடுத்துப்பாங்க. "லிமிட் பெருசா போட்டுக்கோ, தேவைன்னா எடு"ன்னு சொல்றவங்க பேச்சைக் கேக்காதீங்க, தேவை இருக்கற அளவுக்குப் போடுங்க.

இப்போ நான் அடி வாங்கின கதை. ரெண்டாவது லோன்ல மூங்கில் பிளக்கற மெஷின் ஒண்ணு வாங்கினேன். டெமோ வீடியோல பாத்தா வெண்ணெய் மாதிரி எட்டா பிளந்துகிட்டுப் போகுது. வீட்டுக்கு வந்து நம்ம கல் மூங்கிலைக் குடுத்தா பிளேடு திணறுது, பாதியில சிக்கி நிக்குது. காரணம் ரொம்ப சிம்பிள், எனக்குத்தான் அப்போ உறைக்கல. அந்த மெஷின் நேரா, பருமனா, உள்ள நல்லா பொள்ளலா இருக்கற மூங்கிலுக்கு செஞ்சது. நம்ம பக்கம் கிடைக்கற கல் மூங்கில் ஒல்லி, கோணல், உள்ள கிட்டத்தட்ட கெட்டி. ஒன்றரை வருஷம் அந்த மெஷின் மேல தார்ப்பாய் போட்டு மூடி வச்சிருந்தேன், தவணை மட்டும் மாசாமாசம் போச்சு. வித்த கடைக்காரர் மேல முழுத் தப்பும் சொல்ல முடியாது, எந்த மூங்கில்னு நானும் சொல்லல, அவரும் கேக்கல. நீங்க கொட்டேஷன் வாங்கறதுக்கு முன்னாடி உங்க ஊர் மூங்கில்ல ஒரு பத்து கழியை வண்டில ஏத்திக்கிட்டு போய் அவங்க மெஷின்லயே ஓட்டிப் பாருங்க. கூச்சப்படாதீங்க.

மெஷினை விட முக்கியம் மருந்துத் தொட்டி. லேம்ப் ஷேடு, ஸ்டூல்னு போனீங்கன்னா இது இல்லாம இறங்கவே கூடாது. பச்சையா செஞ்சு குடுத்த சாமான் ரெண்டு மாசத்துல உளுத்து, கீழ வெள்ளையா மாவு கொட்ட ஆரம்பிக்கும், மூங்கில்ல இருக்கற மாவுச்சத்தைத் தேடி வர்ற வண்டு அது. சாதாரணமா பண்றது, 100 லிட்டர் தண்ணிக்கு 3 கிலோ போராக்ஸ், 2 கிலோ போரிக் ஆசிட் கரைச்சு அதுல பிளாச்சை ஊற வைக்கறது. ஆனா முறம், சோறு வடிக்கற கூடை, புட்டுக் குழாய் மாதிரி சாப்பாட்டுல படற எதையும் இந்தத் தண்ணில போடக்கூடாது, அந்த மருந்து தண்ணி பட்டா கரைஞ்சு வெளிய வரும். அதுக்கெல்லாம் பழையபடி புகை போடறதுதான். தேய்பிறையில வெட்டினா உளுக்காதுன்னு அம்மா சொல்வாங்க, எங்க வீட்லயும் அதேதான். நான் ரெண்டு விதமாவும் வெட்டிப் பாத்ததுல வித்தியாசம் உறுதியா பிடிபடல. கழியோட முதிர்ச்சியும் பருவமும் முக்கியம்னு மட்டும் அடிச்சுச் சொல்வேன். தொட்டி கட்டற செலவை ரிப்போர்ட்ல சேக்கலாம், சேக்காம விட்ட ரிப்போர்ட்தான் நான் நிறைய பாத்திருக்கேன்.

அடுத்தது யார் பேர்ல எடுக்கறதுங்கறது. இங்கதான் உங்க வீட்டுக்கு ஒரு நல்ல வாய்ப்பு இருக்குன்னு நினைக்கறேன். தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல்ல கலைஞர் கைவினைத் திட்டம்னு ஒண்ணு தொடங்குச்சு, 25 வகை கைத்தொழிலுக்கு, கூடை முடையறதும் அதுல உண்டு. லோன் 3 லட்சம் வரை, 25 சதவீத மானியம் ஆனா உச்சவரம்பு 50 ஆயிரம், அது போக 5 சதவீத வட்டி மானியம். வயசு 35க்கு மேல இருக்கணும், அதனால உங்களுக்குக் கிடையாது, அம்மாவுக்கு உண்டு. கணக்கு போட்டா 2 லட்சம் எடுத்தாலும் 3 லட்சம் எடுத்தாலும் மானியம் அதே 50 ஆயிரம்தான், அப்போ 2 லட்சத்தோட நிறுத்தறது லாபம். மானியத்தை மட்டும் பாத்தா பிஎம்இஜிபியை விடக் குறைச்சல்தான், ஆனா இது அம்மா ஏற்கெனவே செஞ்சுகிட்டு இருக்கற தொழிலுக்கே கிடைக்கும். பிஎம்இஜிபி புது யூனிட்டுக்கு மட்டும்தான். வேற மானியம் வாங்கின யூனிட்டுக்கும் அது கிடைக்காது. அம்மா இதை வாங்கிட்டு, அதே கொட்டகையை, அதே தளவாடத்தைக் காட்டி நீங்க அதை வாங்கலாம்னு நினைக்காதீங்க. மாநிலத் திட்டம் எல்லாமே பட்ஜெட்டோட கூடும் குறையும், இப்போ விண்ணப்பம் வாங்கறாங்களான்னும் அதே தொழில் மையத்துல கேட்டுக்கலாம்.

யூடியூப்ல 15 ஆயிரம் ரூபாய் டூல் கிட், தினம் 500 ரூபாய் உதவித்தொகையோட ட்ரெயினிங்னு பாத்திருப்பீங்க, அது 2023 செப்டம்பர்ல தொடங்கின பிஎம் விஸ்வகர்மா. 18 தொழில்ல கூடை, பாய், துடைப்பம் செய்யறவங்களும் இருக்காங்க, முதல்ல 1 லட்சம், அதைக் கட்டினா 2 லட்சம், 5 சதவீத வட்டி. கேக்க நல்லா இருக்கும், ஆனா குடும்பத் தொழில்ங்கற நிபந்தனையை எடுக்கணும், குறைஞ்சபட்ச வயசை 35 ஆக்கணும், விஏஓ சரிபாக்கணும்னு தமிழ்நாடு அரசு கேட்டு, அது நடக்காததால 2024 நவம்பர்ல இந்த வடிவத்துல செயல்படுத்த மாட்டோம்னு சொல்லிடுச்சு. கலைஞர் திட்டம் வந்ததே அதுக்குப் பதிலாத்தான். அதனால ஹிந்தி, தெலுங்கு வீடியோவைப் பாத்து அலையாதீங்க.

மத்ததை வேகமா சொல்லிடறேன். படிச்ச இளைஞர்னு நீங்க யுஒய்இஜிபி, அதாவது வேலையில்லா இளைஞர்களுக்கான வேலைவாய்ப்புத் திட்டம் பாக்கலாம், மாநில அரசோடது, 15 லட்சம் வரைக்கும் புராஜெக்ட், 25 சதவீதம், அதிகபட்சம் 3.75 லட்சம். உங்க கேஸ்ல பிஎம்இஜிபியே மேல். எஸ்சி, எஸ்டி பிரிவா இருந்தா இது எதையும் பாக்காம நேரா அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்துக்குப் போங்க, 35 சதவீத மானியம், 6 சதவீத வட்டி மானியம். பரம்பரையா கூடை முடையற குடும்பங்கள்ல தகுதி இருந்தும் சாதிச் சான்றிதழ் இல்லாம இதை விட்டவங்களை எனக்குத் தெரியும், அந்தப் பேப்பரை முதல்ல ரெடி பண்ணுங்க. முத்ரா லோன்ல மானியம்னு ஒண்ணு கிடையாது, இதை நிறைய பேர் தப்பா நினைக்கறாங்க. சிசு 50 ஆயிரம் வரை, கிஷோர் 5 லட்சம் வரை, தருண் 10 லட்சம் வரைன்னு அடமானம் இல்லாத கடன், அவ்ளோதான். ஆனா சரக்கு வாங்க மட்டும் காசு வேணும், மெஷின் வேண்டாம்ங்கறவங்களுக்கு அதுவே போதும். அம்மா மகளிர் குழுவுல இருந்தா அதையும் மறந்துடாதீங்க, குழுக் கடன் 3 லட்சம் வரைக்கும் 7 சதவீத வட்டியில கிடைக்கும். மத்திய அரசோட மூங்கில் மிஷன்னு ஒண்ணு இருக்கு, தனியார் பதப்படுத்தற யூனிட்டுக்கு பாங்க் கடனோட சேத்து 50 சதவீதம் வரை மானியம்னு விதியில இருக்கு, ஆனா நடைமுறையில எங்க பக்கம் சின்ன கூடைக்காரங்க அதுல வாங்கி நான் பாத்ததில்ல. அதை நம்பி காத்திருக்க வேண்டாம்.

பாங்க் விஷயத்துல உறுதியா சொல்லக்கூடியது ஒண்ணு: சிறு தொழிலுக்கு குறைஞ்சது 10 லட்சம் வரைக்குமாவது அடமானம் கேக்கக் கூடாதுன்னு ரிசர்வ் பாங்க் விதி இருக்கு. வீட்டுப் பத்திரம் கேட்டா பணிவா இதைச் சொல்லுங்க, அடமானத்துக்குப் பதிலா ஜாமீன் நிக்கற கேரண்டித் திட்டத்துல போடுங்க சார்னு கேளுங்க. உறுதியா சொல்ல முடியாதது, அவங்க எதுக்கு சரின்னு சொல்வாங்க, எதுக்கு இழுத்தடிப்பாங்கங்கறது. தொழில் மையம் ஃபைலை அனுப்பும், முடிவு பாங்க்கோடது. நான் பாத்த வரைக்கும் ரெண்டு விஷயம் வேலை செய்யும். ஒண்ணு சிபில், அதாவது பழைய கடனை ஒழுங்கா கட்டினோமாங்கற மார்க், செல்போன் தவணை 900 ரூபாய் பாக்கி வச்சதுல ஃபைல் திரும்பின பையனை நேர்ல பாத்தேன். இன்னொண்ணு ஆர்டரும் பில்லும். "நல்லா போகும் சார்"ங்கற பேச்சை விட, ரெண்டு கடைக்காரர் லெட்டர்பேட்ல மாசம் இத்தனை பீஸ் எடுத்துக்கறோம்னு எழுதிக் குடுத்த பேப்பர் பெருசு.

மூங்கிலுக்கும் பில் வாங்கிப் பழகுங்க. 2017ல வனச் சட்டத்தைத் திருத்தி காட்டுக்கு வெளிய வளர்ற மூங்கிலை "மரம்"ங்கற வரையறையில இருந்து எடுத்துட்டாங்க, அதனால பட்டா நிலத்து மூங்கிலுக்குப் பழைய கெடுபிடி இல்ல. ஆனா இது பட்டா நிலத்துதுன்னு காட்ட உங்க கையில ஏதாச்சும் இருக்கணுமே. விவசாயிகிட்ட சர்வே நம்பரோட ஒரு ரசீது எழுதி வாங்கிக்கோங்க, ரோட்ல வண்டியை நிறுத்தினாலும் உதவும், பாங்க்ல ஸ்டாக் காட்டவும் உதவும்.

அந்த கன்சல்டன்ட் பத்தி. அவர் மோசடிக்காரர்னு நான் சொல்லல, ஆனா அவர் ஃபீஸ் எதுக்குன்னு பாருங்க. பிஎம்இஜிபி அப்ளிகேஷன் ஆன்லைன்ல இலவசம். சிறு தொழிலுக்கான உத்யம் பதிவும் இலவசம், ஆதாரும் போனும் போதும், பத்து நிமிஷ வேலை. மானியம் "வாங்கித் தர" இடையில யாருக்கும் அதிகாரம் கிடையாது. ரிப்போர்ட் தட்டச்சு பண்ணித் தர, கணக்கு போட ஒருத்தர் நியாயமா காசு கேட்டா குடுக்கலாம், நானும் குடுத்திருக்கேன். லோன் தொகையில இத்தனை சதவீதம்னு பேசினா, இல்ல மெஷினும் அவர் சொல்ற கடையிலதான் வாங்கணும்னா எழுந்து வந்துடுங்க, கொட்டேஷனை ஏத்திக் காட்டி நடுவுல எடுத்துப்பாங்க, ஏத்தின விலைக்குத் தவணை கட்டப்போறது நீங்க.

உங்க இடத்துல நான் இருந்தா இந்த வருஷம் 10 லட்சம் பக்கமே போக மாட்டேன். முதல்ல அம்மாவுக்கு மத்திய கைவினை ஆணையர் அலுவலகம் குடுக்கற கைவினைஞர் அட்டை வாங்குவேன், செலவில்ல, காந்தி ஷில்ப் பஜார் மாதிரி கண்காட்சியில ஸ்டால் கேக்க அது வேணும். அரசோட கைவினைக் கடையான பூம்புகார்ல சாம்பிள் காட்டுவேன். அம்மா பேர்ல 2 லட்சத்துக்கு கைவினைத் திட்டத்துல போட்டு, அதுல ஒரு மருந்துத் தொட்டி, தேய்ச்சு மழமழப்பாக்கற சேண்டர் ஒண்ணு, நல்ல கத்தி நாலு, மீதிக்கு கார்த்திகையில ஒரு லோடு முத்தின கழி. லேம்ப் ஷேடுல பத்து மாடல் போட்டு, உளுக்காம ஒரு மழைக்காலம் தாண்டுதான்னு வீட்டுத் திண்ணையிலயே தொங்க விட்டுப் பாப்பேன். அதுல எது விக்குதுன்னு தெரிஞ்சு, ரெண்டு மூணு கடை ஆர்டர் கையில வந்த பிறகு, உங்க பேர்ல தனி இடத்துல தனி யூனிட்டா பிஎம்இஜிபி போடலாம், வயசு இருக்கு. அப்போ 6 லட்சம் போதுமா 8 லட்சம் வேணுமான்னு கன்சல்டன்ட் சொல்ல வேண்டியதில்ல, அம்மாவோட கணக்கு நோட்டுலயே இருக்கும். நோட்டு இல்லன்னா இன்னிக்கே ஒண்ணு வாங்கிக் குடுங்க, எத்தனை கழி வந்துச்சு, எத்தனை கூடை ஆச்சு, எவ்ளோ பாக்கி நிக்குதுன்னு மூணு கட்டம் போட்டா போதும்.